மடியில் வைக்கப் பயந்த பிள்ளை

மாசி 9, புதன்

காலையில் பனி மூட்டம். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. சுவரில் தொங்கும் தேதித் தாளைப் பார்த்து மேலே எழுதியிருக்கிறேன். முதல் நோட்டு முழுக்க முதியோர் வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியது. இது என் நோட்டு. நானே கடைக்குப் போய் வாங்கினேன். இதை யாரும் திருத்த மாட்டார்கள்.

எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறவனுக்கு வேண்டியவை: முதுகுக்குத் தலையணை. கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம். பக்கத்தில் டீ. ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

பார்க்காமல் எழுத வந்தவை இன்று: செல்வி (மகள்). பாலா (மாப்பிள்ளை). யாழினி (பேத்தி, பதினோரு மாதம்). காளவாசல். இளநீர்.

யாழினி என்று எழுதும்போது ழ-வின் வாலைச் சுழித்து விடுவது அம்புட்டு சந்தோஷமாக இருக்கிறது. அரைப் பக்கம் அதையே எழுதினேன். பேரை எழுதும்போது கெட்ட நினைப்பு எதுவும் வரவில்லை. தூக்கினால்தான் வருகிறது.

அந்த நினைப்பு என்று ஒவ்வொரு தடவையும் எழுத நேரமாகும். கையும் கூசுகிறது. இனி அ.நி.

மாசி 10, வியாழன்

நோட்டில் பொய் எழுதக் கூடாது. மூடி வைத்தும் எழுதக் கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

காளவாசல் முக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் தள்ளுவண்டியில் இளநீர் வியாபாரம். போன ஆவணியில் ஒரு மத்தியானம் செல்வி பிள்ளையை வண்டிக்குத் தூக்கி வந்தாள். பிள்ளைக்கு ஐந்து மாதம் அப்போது. "தாத்தாகிட்ட போறியாடி" என்று நீட்டினாள். என் இடது கையில் பாதி சீவிய காய். வலது கையில் அரிவாள். பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது. அந்த நொடியில் மனது சொன்னது: இதைப் பிள்ளை மேல் போட்டுவிட்டால்?

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அரிவாளைச் சாக்குக்கு அடியில் செருகிவிட்டு, தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி எனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

அன்று ஒரு தடவை. மறுநாள் நாலு தடவை. பிறகு பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டாலே. புரட்டாசியில் வண்டியை வேறு ஆளுக்கு விட்டுவிட்டேன். மணிக்கட்டு வலி என்று சொன்னேன். மணிக்கட்டு நன்றாக இருக்கிறது.

ஆறு மாதமாகப் பேத்தியைத் தூக்கவில்லை.

எழுதிப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது. நோட்டைப் பாய்க்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன்.

மாசி 12, சனி

வெக்கை. கரண்ட் இரண்டு தடவை போனது.

காலையில் செல்வி அரிசி அளக்கும்போது டிரம்முக்குள் கை பட்டு எதையோ எடுத்தாள். கறிகாய் வெட்டும் கத்தி.

"யப்பா, ரெண்டு நாளா இதத் தேடிக்கிட்டு இருக்கேன். அரிசிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தெரியலம்மா."

"எலியா தூக்கிட்டுப் போச்சு?"

மாப்பிள்ளை பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "எலி சமைக்கப் போகுதுல்ல. அரிசி இருக்கு, கத்தி இருக்கு. எண்ணெய்ச் சட்டிய ஒளிச்சு வை."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒளித்து வைத்தது நான். அருவாமனையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதும் நான். என் கைக்கு எட்டாமல் இருந்தால் நல்லது என்று. எழுதும்போதே காது சூடாகிறது.

சாயங்காலம் வகுப்பு. சர்ச் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற்றவர். எங்களில் பதினோரு பேருக்கு நரை. டீச்சர் இன்று என்னை வாசிக்கச் சொல்லி, "மத்தவுங்களும் இவரு மாதிரி ஒரு நாளும் விடாம வரணும்" என்றார். பூ விற்கும் பஞ்சவர்ணம் பின்னாலிருந்து, "அண்ணே அடுத்த வருசம் கலெக்டராயிருவாக" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் விடாமல் போவது ஏன் என்று டீச்சருக்குத் தெரியாது. பிள்ளை ஆறு மணிக்கு மேல் விளையாட்டாக இருக்கும். யார் மடியாவது அதற்கு வேண்டும். வகுப்பு ஆறிலிருந்து ஏழரை. அதற்காகச் சேர்ந்தேன். படிப்பில் ஆசை அப்புறம்தான் வந்தது. திருடப் போன வீட்டில் விருந்து கிடைத்த மாதிரி.

மாசி 13, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மா திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். யாழினிக்கு மொட்டை போட்டுக் காது குத்து. மாசி 27, அவர்கள் குலசாமி கோயிலில். திருமங்கலத்துக்கு அங்கிட்டு, காட்டுக்குள் இருக்கிறதாம்.

மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்கும். செல்விக்கு உடன்பிறப்பு கிடையாது. சம்பந்தியம்மா கேட்டார்: "மாமன் மடிக்கு யாரும்மா?"

செல்வி என்னைக் கேட்கவே இல்லை. "எங்கப்பாதான். மாமன் இல்லாத வீட்டுல தாத்தா உக்காருறதுதானே" என்று சொல்லிவிட்டாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். உள்ளே சம்பந்தியம்மா குரல்: "உங்கப்பா என்ன, கேட்டதும் எந்திரிச்சுட்டாரு?" செல்வி என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். செல்வி அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எங்கள் ஆட்களில்லை. இரண்டு வருஷம் நான் அவளோடு பேசவில்லை. முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு நானேதான் போய்க் கூட்டி வந்தேன். அதனால் இப்போது நான் பிள்ளையைத் தொடாமல் இருப்பதற்கு அவள் மனதில் ஒரு காரணம் இருக்கும். அது தப்பான காரணம். உண்மையான காரணம் அதைவிட மோசம்.

மடியில் பிள்ளை. பிள்ளை தலைக்கு மேல் சவரக் கத்தி.

மாசி 14, திங்கள்

பிள்ளையார் கோயிலில் பூப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாகத் தாளில் மடித்து, குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. கல்யாணம், காடு வாங்குவது, இதற்கெல்லாம் சாமியிடம் உத்தரவு கேட்கிற வழி. வெள்ளை வந்தால் சரி.

என் கேள்வி: என் கையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?

வெள்ளை. நிம்மதி. படி இறங்குவதற்குள் சந்தேகம், தாள் மடிப்பில் நிறம் லேசாகத் தெரிந்ததோ என்று. திரும்பப் போட்டேன். சிவப்பு. மூன்று வெள்ளை தொடர்ந்து வரும்வரை போட்டேன். பதினேழு தடவை.

இது முதல் நாள் இல்லை. கார்த்திகையிலிருந்து நடக்கிறது. வீட்டிலும் போடுகிறேன், கிழித்த தேதித் தாளில்.

பிள்ளையார் கோயில் பூசாரி இன்று வாய் விட்டே கேட்டுவிட்டார்.

"பெரியவரே, ஒரு கேள்விக்கு ஒரு தடவதேன் பூப் போடணும். மனுசனுக்கே திரும்பத் திரும்பக் கேட்டா எரிச்சல் வருது. சாமிக்கு வராதா?"

"வேற வேற கேள்வி சாமி."

"பதினேழு கேள்வியா?"

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பூ வாங்கும்போது பஞ்சவர்ணமும் விடவில்லை. "தெனமும் ஒரு வெள்ள ஒரு செவப்பு. எந்தப் பொண்ணுக்குண்ணே மாப்பிள்ள பாக்குறீக? உங்களுக்கேவா?"

மாசி 15, செவ்வாய்

வாடிப்பட்டி போய் வந்தேன். அண்ணன் மகன் பாண்டி அங்கே இருக்கிறான். முறைக்கு அவன் செல்விக்கு அண்ணன். மாமன் மடிக்கு அவன் உட்காரலாம்.

பஸ்ஸில் ஏறும் முன் போர்டை நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். சிமெண்ட். பிரியாணி. கண் ஆஸ்பத்திரி. இங்கு எச்சில் துப்பாதீர். பக்கத்தில் இருந்தவர், "கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க ஐயா" என்றார். மனதுக்குள் படிக்க இன்னும் வரவில்லை. உதடு அசைந்துவிடுகிறது. எழுபத்திரண்டு வருஷமாக இந்த ரோடு முழுக்க எழுத்து இருந்திருக்கிறது. நான் சுவரை மட்டும் பார்த்துப் போயிருக்கிறேன்.

பாண்டி உடனே சம்மதித்தான். "அதுக்கென்ன சித்தப்பா, சேலை சீரோட வாரேன். ஆனா நீங்க இருக்கும்போது நான் உக்காந்தா செல்வி சங்கடப்படாதா?"

மணிக்கட்டு வலி என்றேன். பிள்ளையைப் பிடிக்க முடியாது என்றேன். அவன் என் கையைப் பிடித்து உருட்டிப் பார்த்தான். "இங்கயா? இங்கயா?" நான் இரண்டு இடத்தில் வலிக்கிறது என்றேன். தைலம் கொடுத்தான். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாசி 16, புதன்

பாண்டி நேற்றே செல்விக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

நான் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"மணிக்கட்டு வலியோடதான் மூணு மணி நேரம் உக்காந்து எழுதுறியாப்பா?"

சோற்றைப் பிசைந்தேன்.

"தண்ணிக் குடம் தூக்குற. சிலிண்டரத் தூக்கி உள்ள வைக்கிற. என் பிள்ள ஒம்பது கிலோ. அத ஒரு நாள் தூக்குனியா?"

"செல்வி, அது இல்லம்மா."

"அவர நான் கட்டுனது உனக்கு இன்னும் ஆறல. சரி. என் மேல கோவப்படு. அது என்ன பண்ணுச்சு? உன்னயப் பாத்தா கையத் தூக்குது. நீ நகந்துர்ற. அது கையக் கீழ போட்டுருது. நான் பாக்காம இல்ல."

சோறு வாயில் இருந்தது. தட்டோடு எழுந்துவிட்டேன்.

அவள் நினைப்பது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் போய்விடுவாள். போக வேண்டியதுதான். எந்தத் தாய் இருப்பாள்.

இரண்டு மூன்று நாள் எழுதாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மாசி 18, வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

டீக்கடையில் இரண்டு உளுந்த வடை. பேப்பரில் மடித்துக் கொடுத்தார். தின்றுவிட்டு, வழக்கம்போல் பேப்பரைப் படித்தேன். இப்போதெல்லாம் எதையும் படிக்காமல் போடுவதில்லை. எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி. ஒரு டாக்டர், வாசகருக்குப் பதில் சொல்கிறார். ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அமுக்கிவிடுவேனோ என்று நினைப்பு வருகிறதாம். தினமும் வருகிறதாம். நான் ராட்சசியா என்று கேட்டிருக்கிறாள்.

டாக்டரின் பதில்: "இல்லை, அம்மா. இது பலருக்கும் வருகிற ஒன்றுதான். நீங்கள் செய்ய வேண்டியது" - அதோடு கிழிந்திருக்கிறது.

கடைக்காரரிடம் போனேன்.

"தம்பி, இதோட மீதித் தாள் எங்க?"

"என்னண்ணே, வட பத்தலையா?"

"வட இல்ல, பேப்பரு. இதோட அடுத்த துண்டு."

"அதுல பஜ்ஜி மடிச்சுக் குடுத்திருப்பேன். எந்த ஊருக்குப் போச்சோ. என்ன, லாட்டரியா?"

குப்பைத் தொட்டியில் தேடினேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

ஆனால் இன்னொருத்தி இருக்கிறாள். எந்த ஊர் என்று தெரியாது. பேர் போடவில்லை. அவளும் பேரை மறைத்திருக்கிறாள். ரோட்டோரம் நின்று இதை நாலு தடவை படித்தேன். எனக்குப் படிக்க வராமல் இருந்திருந்தால் வாயைத் துடைத்துப் போட்டிருப்பேன்.

மாசி 19, சனி

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு துண்டுப் பேப்பரை டீச்சரிடம் கொடுத்தேன். "இதுல மீதி என்ன எழுதியிருக்கும் டீச்சர்?" என்று கேட்டேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். யாருக்கு என்று கேட்கவில்லை. "மீதிய ஒரு டாக்டர்கிட்டதான் கேக்கணும். அரசாங்க ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் அம்மா ஒருத்தவங்க இருக்காங்க. செவ்வாயும் வெள்ளியும் பாப்பாங்க" என்றார்.

பிறகு நான் படி இறங்கும்போது, "சீக்கிரமாப் போங்க, கூட்டம் சேந்துரும்" என்றார். யாருக்கு என்று தெரிந்திருக்கிறது. தலையைத் தூக்காமல் வந்தேன்.

மாசி 21, திங்கள்

வாயால் சொல்ல வராது. அதனால் டாக்டருக்கு எழுதிக்கொண்டு போகிறேன். மூன்று தாள் வீணாகி நாலாவது சரியாக வந்தது. இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்.

"அம்மா, பேத்தியைத் தூக்கினால் வெட்டு என்று மனசு சொல்கிறது. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. உயிராக இருக்கிறேன். ஆறு மாதமாக இப்படி. தினமும் பூப் போட்டுப் பார்க்கிறேன். கத்தியை ஒளித்து வைக்கிறேன். நான் கெட்டவனா, நோயாளியா. என்னைத் தனியாக வைக்க வேண்டுமா."

அந்த ஒரு வார்த்தையை அ.நி. என்று போடலாமா என்று பார்த்தேன். டாக்டருக்குப் புரியாது. முழுதாக எழுதினேன். ட்-டு எழுதும்போது பேனா தாளில் குத்திக்கொண்டது.

மாசி 22, செவ்வாய்

ஏழு மணிக்கே போய்விட்டேன். பெஞ்சில் இருபது பேர். தெரிந்த முகம் ஏதும் இருக்குமோ என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து ஆள், "வெயிலே இல்லையே" என்றார்.

டாக்டருக்கு செல்வி வயது இருக்கும். வாசலில் அடுத்த ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாளை நீட்டினேன். படித்தார். முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத யாருய்யா எழுதிக் குடுத்தா?"

"நாந்தான்மா. ஐப்பசியிலதான் எழுதப் படிக்கச் சேந்தேன்."

"நாலு மாசத்துல இப்படியா எழுதுறீங்க?"

அந்த ஒரு நிமிஷம் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

நிறையக் கேட்டார். காதில் குரல் கேட்கிறதா. இல்லை, என் மனசு என் குரலில்தான் பேசுகிறது. நினைப்பு வந்தால் செய்யத் தோன்றுகிறதா, நடுங்குகிறதா. நடுக்கம். குடி உண்டா. இல்லை. யாரையாவது அடித்திருக்கிறேனா. ஒரு தடவை, காசுப் பையைக் களவாண்டவனை, அதுவும் இருபது வருஷம் முன்னால்.

அவர் சொன்னவை. மறக்குமுன் எழுதுகிறேன்:

இதற்குப் பேர் எண்ணச் சுழற்சி நோய். (டாக்டரே எழுதிக் காட்டினார். பார்த்து எழுதினேன்.)

கெட்ட நினைப்பு எல்லோருக்கும் வரும். வந்த வேகத்தில் போகும். எனக்கு வரும்போது நான் பதறிப்போய்ப் பூவை எடுக்கிறேன், கத்தியை ஒளிக்கிறேன். அதனால் அது பெரிய ஆளாகிவிட்டது.

"தெருநாய் பின்னாடி வந்தா என்ன செய்வீங்க? ஓடுனா வெரட்டும். கல்ல எடுத்தாலும் கொரைக்கும். நீங்க பாட்டுக்கு நடந்து போகணும். அது கூடவே கொஞ்ச தூரம் வரும். வரட்டும்."

"அப்ப நான் ஒண்ணும் பண்ணிற மாட்டேனேம்மா?"

"வெட்ட நெனைக்கிறவன் கத்திய அரிசிக்குள்ள ஒளிச்சு வைக்க மாட்டான்யா. ஆனா இத நான் ஒரு தடவதான் சொல்லுவேன். திரும்பத் திரும்பக் கேட்டீங்கன்னா இதுவும் பூ மாதிரி ஆயிரும்."

தினமும் ஒரு மாத்திரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின். வேலை செய்ய வாரக் கணக்கில் ஆகுமாம். பூ கூடாது. ஒளிக்கக் கூடாது. பிள்ளையைக் கொஞ்ச நேரமாவது தினமும் தூக்க வேண்டும், நினைப்பு வந்தாலும். வீட்டில் ஒருவருக்காவது சொல்ல வேண்டும்.

கடைசி இரண்டும் என்னால் ஆகாது.

மாசி 23, புதன்

பூப் போடவில்லை. கை பரபரத்தது. அதற்குப் பதில், "வெட்ட நினைக்கிறவன் ஒளித்து வைக்க மாட்டான்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மறுபடி சொன்னேன். மத்தியானத்துக்குள் முப்பது நாற்பது தடவை. ஒரு தடவை வார்த்தை மாறிப்போனது, முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்புறம்தான் உறைத்தது. டாக்டர் சொன்ன அதே பள்ளத்தில் டாக்டர் வார்த்தையை வைத்தே விழுந்திருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன்.

மாசி 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு. செல்வி பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பட்டது. சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. இட்லித் தட்டைப் பார்த்துச் சொன்னேன். அரிவாள், ஆவணி மாதம், அரிசி டிரம், பூ, ஆஸ்பத்திரி. எல்லாம்.

"அவரக் கட்டுனதுக்கு இல்லம்மா. அது எப்பவோ ஆறிப் போச்சு. இதுதான் காரணம்."

செல்வி ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தது. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் போடும் சத்தம்.

ஆறு மாதத்தில் பட்ட வெட்கமெல்லாம் ஒரு பக்கம். அந்தத் தாழ்ச் சத்தம் ஒரு பக்கம்.

வகுப்புக்குப் போகவில்லை.

மாசி 25, வெள்ளி

காலையிலேயே பிள்ளையோடு எங்கோ கிளம்பினாள். ஆட்டோ வந்தது. எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வெளியே கிளம்பிப் பூட்டப் பார்த்தால், எப்போதும் என்னிடம் கொடுக்கும் வீட்டுச் சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அல்லது மறந்து கொடுத்திருக்கலாம்.

திருமங்கலத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அலமாரியைப் பார்த்தேன். பிள்ளை துணி இருந்தது.

பூ எடுக்கவில்லை. ஆனால் கடைப் பக்கம் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன். எழுதிவிட வேண்டும் அல்லவா.

இரண்டு மணிக்குத் திரும்பினார்கள். என்னைக் கடந்து உள்ளே போனாள்.

மாசி 26, சனி

காற்றே இல்லை. நாளைக்குக் காது குத்து. வீடு முழுக்கப் பை.

காலையில் செல்வி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து உன் டாக்டரப் போய்ப் பாத்தேன்."

டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"உன்னய நம்பி என் பிள்ளையக் குடுக்கலாமான்னு கேட்டேன். தப்பா நெனைக்காதப்பா. எனக்குக் கேக்கணும்."

"கேக்கணும்ல. கேட்டது சரிதான்."

"நீ எழுதிக் குடுத்த காயிதத்தக் காட்டுங்கன்னேன். அது அவரு விசயம், தர மாட்டேன்னுட்டாங்க. கேஸ் வெவரம் எதையும் சொல்ல மாட்டாங்களாம். நான் சொன்னத வச்சுப் பொதுவா விளக்கிச் சொன்னாங்க. குடுக்கலாம்னாங்க."

டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

"அப்புறம் என்னயக் கேட்டாங்க. உங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணும் வந்ததில்லையான்னு."

"நீ என்ன சொன்ன?"

செல்வி தரையில் இருந்த ஒரு பையின் வாரை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மொட்ட மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது பிள்ளையத் தூக்கிட்டுப் போக மாட்டேன்ல. பொறந்ததுலருந்து ஒரு நாள் கூட. கீழ் வீட்டு அக்காகிட்டக் குடுத்துட்டுதான் போவேன். நீ கவனிச்சதில்லையா?"

கவனித்ததில்லை. ஒரு தடவை கூட.

"சரி, டீ ஆறுது" என்று எழுந்துவிட்டாள். தாழ் போட்ட அன்றைக்கு உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மடியில் யார் உட்காருவது என்று அவளும் பேசவில்லை. பாண்டி கிளம்பி வருகிறான். வேண்டாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மாசி 28, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் அசதி. இன்று வரிசையாக எழுதுகிறேன்.

வேனில் போனோம். கோயில் பொட்டல் காட்டில். ஒரு புங்க மரம், ஒரு பந்தல், ஒரு அடிகுழாய். பாண்டி புது வேட்டியில், தட்டு வரிசையோடு முன்னாலேயே வந்து நின்றான்.

மொட்டை அடிக்கிறவர் கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டே கூப்பிட்டார். "மாமன்காரரு யாருங்க? கெழக்க பாத்து உக்காருங்க. வெயில் ஏறுது."

பாண்டி என்னைப் பார்த்தான். சம்பந்தியம்மா, "பெரியவருக்குத்தான் கை முடியலையாம்ல, தம்பி உக்காரட்டும்" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது. மாப்பிள்ளை எங்கோ பார்த்தார்.

நான் நடந்து போய் மணையில் உட்கார்ந்தேன். கால் தானாகப் போனது என்று எழுதினால் பொய். ஒவ்வொரு அடியும் நான்தான் வைத்தேன்.

செல்வி வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். பிள்ளையின் கால் என் வயிற்றை உதைத்தது. ஆறு மாதத்தில் இவ்வளவு கனமாகிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

கத்தியைப் பார்த்ததும் அ.நி. வந்தது. வரும் என்று தெரியும். வந்தது. தண்ணீர் தெளித்து முதல் இழுப்பு இழுக்கும்போது வந்தது. காதோரம் வரும்போது வந்தது. நான் பதில் சொல்லவில்லை. டாக்டர் வார்த்தையையும் சொல்லவில்லை.

"பெரியவரே, கை ஆடுது. பிள்ளத் தலைய ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிங்க. நீங்க ஆடுனா நான் கீறிருவேன்."

இரண்டு கையாலும் பிடித்தேன். பிள்ளை ஊரைக் கூட்டியது. மயிர் என் வேட்டியெல்லாம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மொட்டை முடிந்தது. ஆசாரி வந்து காதில் பொட்டு வைத்துப் பார்த்து, இரண்டு காதும் குத்தினார். இரண்டாவது காதுக்குப் பிள்ளை கக்கிவிட்டது. சம்பந்தியம்மா ஓடி வந்து துடைத்துவிட்டார். எனக்கும் சேர்த்துத் துடைத்தார். "அழுத்தமாத்தான் பிடிக்கிறீக சம்பந்தி" என்றார்.

வெட்கம் போய்விட்டதா என்றால் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நடுவில், இவர்களுக்குத் தெரிந்தால் என்ற நினைப்பு உட்கார்ந்தே இருந்தது. இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. செல்வி சொல்லியிருப்பாளோ தெரியாது.

பிறகு பந்தி. கறிச்சோறு. பிள்ளை அழுது ஓய்ந்து செல்வி தோளில் விக்கிக்கொண்டிருந்தது. முதல் பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். செல்வி என்னிடம் வந்தாள்.

"யப்பா, பிடி. பசிக்குது. நான் சாப்பிட்டுட்டு வாரேன்."

கொடுத்துவிட்டுப் போனாள். பந்தலின் அந்தக் கடைசியில் இலை போட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்த இடம் எனக்கு முதுகு காட்டுகிற இடம். எதிர் வரிசையிலும் இடம் இருந்தது.

மரத்தடியில் நின்றேன். அ.நி. அப்போதும் வந்தது. பிள்ளை சந்தனத் தலையை என் கழுத்தில் தேய்த்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தது. கை வலித்தது, இந்தத் தடவை உண்மையாகவே. தோள் மாற்றினேன்.

செல்வி குழம்பு முடித்தாள். ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினாள்.